தாய்மண்ணோடு வரும் மரம்



சென்னையிலிருந்து வடக்கே கொல்கத்தாவை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையைத் திருவள்ளூர் மாவட்டத்தார் நன்கு அறிவர். செங்குன்றம், கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம் என ஊர்களைக் கடந்து அது ஆந்திர எல்லையை அடைகிறது. அந்தச் சாலையில் இரவும் பகலும் லாரிகள் ஓய்வதில்லை. இரும்பும் நிலக்கரியும் நெல்லும் மீனும் வருகின்றன, போகின்றன. அவற்றிடையே வேறொரு சரக்கும் வருவதை நீங்கள் கண்டிருக்கலாம். லாரியின்மேல் மரங்கள் படுத்த வண்ணம் வருகின்றன. கிளைகள் ஒருங்கே சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். அடியில் பெரிய பானை அளவில் ஒரு மண் உருண்டை, சாக்கிலே பொதிந்து, கயிற்றால் இறுகப் பிணிக்கப்பட்டிருக்கும்.

அந்த மண்ணுக்கு நம் தோட்டக்காரர்கள் வழங்கும் பெயர் தாய்மண் என்பது. “தாய்மண் உதிராமல் எடு” என்று அவர்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அவ்வாறு தாய்மண்ணோடு வரும் இளமரத்தை நம் மண்ணில் எப்படி நட்டால் அது வாழும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இம்மரங்களுள் பல, கோதாவரி ஆற்றங்கரையில் ராஜமகேந்திரவரத்திற்கு அருகேயுள்ள கடியம் என்னும் ஊரிலிருந்து வருபவை. கடியத்திலும் அதனை அடுத்த ஊர்களிலும் நாற்றுப்பண்ணைத் தொழில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து, இன்று நாடெங்கும் பெயர் பெற்று விளங்குகிறது. ஆற்று வண்டல் படிந்த அந்நிலத்தில் மரம் விரைவாக வளர்கிறது. வண்டல் மண் வேரைப் பற்றிக்கொண்டு உதிராமல் உருண்டையாக நிற்கிறது. அங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து அம்மரங்கள் நம் எல்லைக்குள் வருகின்றன.

வாங்குவோர் யார்? வீடு கட்டுவோர் உண்டு; பள்ளிகள் உண்டு. கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் பெரும்பாலும் தொழிற்சாலைகளே வாங்குகின்றன. சுற்றுச்சூழல் அனுமதி பெறும் பெருந்தொழிற்சாலைகளுக்கு, வளாகத்தின் பரப்பில் 33 விழுக்காட்டைப் பசுமை வளையமாக வைத்திருக்க வேண்டும் என நிபந்தனை விதிப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. இரும்பை உருக்கும் உலைகளின் தூசியைத் தாங்கி நிற்க மரத்தைவிட மலிவான காவலாள் வேறில்லை. ஆதலால் ஆண்டுதோறும் நடுகிறார்கள். 1950-ஆம் ஆண்டில், மத்திய உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி அவர்கள் வனமகோத்சவம் என்னும் மரநடு விழாவைத் தொடங்கிவைத்தார். அன்றுமுதல் ஜூலை மாதத்தின் முதல் வாரத்தில் பள்ளிதோறும் அலுவலகந்தோறும் மரம் நடுகிறோம். 2022 செப்டம்பர் 24-ஆம் நாள் தமிழ்நாட்டில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பெற்றது. மாநிலப் பரப்பில் 23.7 விழுக்காடாக இருந்த காடு, மரப் பரப்பைப் பத்தாண்டுகளில் 33 விழுக்காடாக உயர்த்துவது அதன் நோக்கம். நடுவதில் நமக்கு ஊக்கக் குறைவு இல்லை. நட்டவற்றுள் எத்தனை ஐந்தாம் ஆண்டில் நிழல் தருகின்றன என்று எண்ணிப் பார்த்தால்தான் மனம் சற்றுத் தயங்குகிறது.

மண் உருண்டையோடு மரத்தைக் கொண்டுசெல்லும் கலை மிகப் பழையது. இற்றைக்கு ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், எகிப்து நாட்டை ஆண்ட ஹட்செப்சுட் என்னும் அரசி, புந்து நாட்டுக்குக் கப்பல்களை அனுப்பி நறும்பிசின் தரும் மரங்களை வரவழைத்தாள். அம்மரங்களை வேரோடு கூடையில் இட்டு, கழிகளில் தொங்கவிட்டு ஆட்கள் சுமந்து செல்லும் காட்சி, தெயிர் எல்-பகாரி என்னுமிடத்தில் அவள் எடுத்த கோயிலின் சுவரில் இன்றும் இருக்கிறது. அன்று கூடை, பிற்காலத்தில் சாக்கு. அயல்நாடுகளில் மரத்தின் வேரைப் பொதியச் சணல் துணியைப் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சணலின் தாயகம் வங்காளம். 1855-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் நம் நாட்டின் முதல் சணல் ஆலை எழுந்தது. பொதிந்து கட்டும் முறையும் பொருளும் நமக்குப் புதியன அல்ல. ஒட்டுமாங்கன்றை வைக்கோலால் சுற்றிக் கட்டித் தலையிலே சுமந்து சந்தைக்குக் கொண்டுவந்ததைக் கண்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

இனி அந்த உருண்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். மரத்தின் வேர், மேலே காணும் மரத்தைத் தலைகீழாக நிறுத்தியதுபோல் ஆழமாக இறங்குகிறது என்று பலரும் நினைக்கின்றனர். உண்மை வேறு. நீரையும் உணவையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணின் ஓர் அடி, ஒன்றரை அடிக்குள்ளேயே பரவுகின்றன. பக்கவாட்டில் கிளைகளின் நிழலையும் தாண்டிச் செல்கின்றன. மரத்தைச் சுற்றித் தோண்டி உருண்டையாக எடுக்கும்போது அந்த வேர்களில் பெரும்பகுதி வெட்டுண்டு பண்ணையிலேயே தங்கிவிடுகிறது. நம்மிடம் வந்து சேர்வது முழு மரத்தின் உடலும், சிறு பகுதி வேருமே. பத்துப் பேர் உண்ணும் குடும்பத்தில் ஒருவர் மட்டும் சம்பாதிப்பது போன்ற நிலை அது. அந்த ஒருவரை நாம் எப்படிப் பேணுகிறோம் என்பதில்தான் குடும்பத்தின் வாழ்வு இருக்கிறது.

ஆகையால் வாங்கும்போதே உருண்டையைப் பார்த்து வாங்க வேண்டும். உயரத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. கணக்கு எளியது. தரையிலிருந்து அரை அடி உயரத்தில் தண்டின் குறுக்களவை அளந்துகொள்ளுங்கள். தண்டு ஓர் அங்குலமானால் உருண்டை பத்து முதல் பன்னிரண்டு அங்குலக் குறுக்களவு இருக்க வேண்டும். இரண்டு அங்குலத் தண்டுக்கு இரண்டடி உருண்டை. பதினைந்து அடி உயர மரம் ஓரடி உருண்டையில் நின்றால், அது மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டா. இன்னொரு செய்தியும் உண்டு. இடம் பெயர்ந்த மரம் இழந்த வேரை மீண்டும் பெறத் தண்டின் ஒவ்வோர் அங்குலப் பருமனுக்கும் ஏறக்குறைய ஓராண்டு ஆகும் என்று குளிர்நாட்டுத் தோட்டக்கலை வல்லுநர்கள் கூறுகின்றனர். நம் வெப்ப நாட்டில் வேர் விரைந்து வளரும். எனினும் முறை அதுவே. பெரிய மரம் வேரைத் தேடித் தவித்துக்கொண்டிருக்கும் ஆண்டுகளில், பக்கத்தில் நட்ட சிறு கன்று தடையின்றி வளர்ந்து அதனை எட்டிவிடுவதும் உண்டு. விழாவுக்கு உயரம் வேண்டும். நிழலுக்குப் பொறுமை போதும்.

கும்மிடிப்பூண்டிப் பகுதியில் ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டா. என்னிடம் படித்த மாணவர் ஒருவர் அங்கே மேற்பார்வையாளராக இருக்கிறார். வாயிலிலிருந்து அலுவலகம் வரை இரு வரிசையாக மரங்கள் நட்டிருந்தார்கள். “ஐயா, தண்ணீர் தவறாமல் ஊற்றுகிறோம். இரண்டு ஆண்டு நன்றாகத்தான் இருந்தது. இப்போது உச்சி காய்கிறது. மண்ணில் ஏதோ கேடு என்கிறார்கள். தாங்கள் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்” என்று அழைத்தார். போனேன். காய்ந்துவிட்ட மரம் ஒன்றைத் தோண்டச் சொன்னோம். தோட்ட வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் கடப்பாரையை மெல்லப் போட்டு மண்ணை விலக்கினார். முக்கால் அடி ஆழம் போன பின்புதான் தண்டு விரிந்து வேராக மாறும் இடம் தெரிந்தது. அந்த இடத்தில் நைலான் கயிறு, தண்டின் பட்டைக்குள் விரல் புதையும் அளவு இறங்கியிருந்தது. அதற்குக் கீழே பிளாஸ்டிக் இழையால் நெய்த சாக்கு, கடையில் வாங்கிய அன்று இருந்தபடியே இருந்தது. வேர்கள் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்தன. பெரியவர் நிமிர்ந்து, “கட்டையே அவிழ்க்கலையே சாமி” என்றார். வேறு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. மற்ற மரங்களின் கயிற்றை அன்றே வெட்டினார்கள். கழுத்தை மூடியிருந்த மண்ணை வாரினார்கள். எட்டிய வரை சாக்கைக் கிழித்து எடுத்தார்கள். அடுத்த மழைக்குச் சில தளிர்த்தன; சில தளிர்க்கவில்லை.

நேயர்களே, இதில் நாம் அறிய வேண்டிய உண்மை ஒன்று உண்டு. தவறாக நட்ட மரம் நட்ட அன்று சாவதில்லை. தாய்மண்ணில் உள்ள ஈரத்தையும், தண்டில் சேர்த்து வைத்த உணவையும் கொண்டு ஓராண்டு, ஈராண்டு தள்ளிவிடுகிறது. தண்டு பருத்துக் கயிற்றைத் தொடும்போதுதான் கழுத்து நெரிகிறது. அப்போது நட்டவர் யார், எப்படி நட்டார் என்பது எவருக்கும் நினைவிராது. மண்ணின்மேல் பழி, வெயிலின்மேல் பழி, ஆலைப் புகையின்மேல் பழி. வழியில் மரத்தைக் காத்த அதே கட்டு, குழியில் அதனைக் கொல்கிறது என்பதை மட்டும் எவரும் நினைப்பதில்லை.

இனி நடும் முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, மரத்தைத் தூக்குவது. இரண்டடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள உருண்டை நூற்றைம்பது முதல் இருநூறு கிலோ வரை எடை இருக்கும். தண்டைப் பிடித்துத் தூக்கினால் அந்த எடை முழுவதும் மெல்லிய வேர்களை இழுத்து அறுக்கும், உருண்டை உடைந்துபோகும். உருண்டைக்கு அடியில் பலகையோ தடித்த சாக்கோ கொடுத்து, நால்வர் பிடித்து இறக்க வேண்டும். உடனே நட முடியாவிட்டால் நிழலில் வைத்து, உருண்டைமேல் ஈரச் சாக்கு போர்த்தி வையுங்கள்.

இரண்டாவது, குழி. குழியின் ஆழம் உருண்டையின் உயரமே. அதற்கு மேல் ஓர் அங்குலமும் வேண்டா. அகலம் மட்டும் உருண்டையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு இருக்கட்டும். மாங்கன்று நட ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம் உள்ள குழி வெட்டச் சொல்கிறார்களே என்று கேட்கலாம். அதுவும் சரியே, அதனைக் கோடையிலேயே வெட்டி ஆறவிட்டு, மேல்மண்ணும் தொழு உரமும் கலந்து நிரப்பி, ஒரு மழைக்குப் படியவிட்டு, பின்னர்ச் சிறு கன்றை மேலாக நடுகிறோம். கனத்த உருண்டையை அன்று வெட்டிய குழியில் இளகிய மண்மேல் வைத்தால், முதல் தண்ணீரிலேயே அது அரை அடி கீழே இறங்கிவிடும். ஆகவே உருண்டை உட்காரும் தரை, கிளறப்படாத உறுதியான தரையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, கழுத்து. தண்டு அடியில் அகன்று வேராகப் பிரியும் இடத்தையே கழுத்து என்கிறேன். பண்ணையில் கட்டும்போதே அதன்மேல் மண் ஏறியிருக்கக் கூடும். விரலால் மண்ணை விலக்கிக் கண்டுபிடியுங்கள். அந்த இடம் தரை மட்டத்திலோ, சற்று மேலேயோ நிற்க வேண்டும். பொன்னேரிப் பக்கத்து நெல்வயல்களைப் போன்ற களிமண்ணில் தண்ணீர் வடியாது, குழி பானையாகிவிடும். அங்கே உருண்டை தரைக்கு மேல் இரண்டு அங்குலம் தெரியும்படி வைத்து, சுற்றிலும் மண்ணைச் சரிவாக அணைக்கலாம்.

நான்காவதே தலையாயது. உருண்டையைக் குழியில் நேராக நிறுத்தி, அது அசையாதபடி பாதி மண்ணைத் தள்ளி மிதித்த பிறகு, கயிறு அனைத்தையும் வெட்டி எடுங்கள். கம்பிக் கூடை இருந்தால் மேற்பகுதியை வெட்டி நீக்குங்கள். பிளாஸ்டிக் சாக்கானால் ஒரு துண்டும் தங்காமல் அகற்றுங்கள். குழியில் இறக்குமுன் அடிப்பகுதியை வெட்டிவிட்டால், பின்னர்ப் பக்கத்தைக் கிழித்து உருவுவது எளிது. சணல் சாக்கு மக்கும் என்பது மெய். ஆனால் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சணல், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் ஈரத்தை இழுத்து வெயிலுக்குக் கொடுத்துவிடும். கறையானுக்கும் அது விருந்து. எனவே சணலையும் எட்டும் வரை நீக்குவதே நம் நாட்டுக்கு நல்லது. பாலித்தீன் பையில் வரும் சிறு கன்றுக்கும் இதே விதி. பையைக் கிழித்தெறிந்து, அடியில் சுருண்ட வேர் இருந்தால் நறுக்கிவிட்டு நடுங்கள்.

ஐந்தாவது, மண்ணும் நீரும். தோண்டிய மண்ணையே திரும்பப் போடுங்கள். குழிக்குள் மட்டும் வளமான மண்ணை நிரப்பினால், வேர் வெளியே போக மனமின்றி அங்கேயே சுற்றும். இரசாயன உரம் முதல் ஆண்டில் வேண்டா. தண்ணீர் விடுவதில் நுட்பம் ஒன்று உண்டு. கடியத்து மண் மென்மையான வண்டல். செங்குன்றம் பக்கத்து மண் சிவந்த சரளை. பழவேற்காட்டுப் பக்கம் மணல். வேறு வேறு மண் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலும் ஈரம் எளிதில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவதில்லை. வெளி மண் நனைந்திருக்க, உள்ளே தாய்மண் காய்ந்து கிடக்கும். அதனால் முதல் சில மாதங்களுக்குத் தண்ணீரை உருண்டையின்மேலேயே மெல்ல ஊற்ற வேண்டும். வட்டப்பாத்தி கட்டி, காய்ந்த இலைதழைகளை மூன்றங்குலம் மூடாக்காகப் பரப்புங்கள். அது தண்டைத் தொடாமல் நான்கு விரல் விலகியிருக்கட்டும்.

ஆறாவது, ஊன்றுகோலும் பருவமும். 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது, சென்னையிலும் நம் மாவட்டத்திலும் எண்ணற்ற மரங்கள் சாய்ந்ததை மறக்க முடியுமா? வேர் பரவ இடமின்றி நின்ற சாலையோர மரங்கள் பல வேரோடு பெயர்ந்தன. நமக்கு வடகிழக்குப் பருவமழையே பெருமழை. அதனோடு புயலும் வரும். கோடை தணிந்து முதல் மழை விழுந்ததும், ஆடி, ஆவணி மாதங்களில் நட்டால், ஐப்பசிப் புயலுக்குமுன் வேர் ஓரளவு வெளியே நடந்துவிடும். பெரிய மரத்திற்கு இரு புறமும் கழி நட்டு, அகன்ற துணிநாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். காற்றில் தண்டு சிறிது ஆடினால்தான் அது வலுப்பெறும். ஓராண்டு கழிந்ததும் அந்தக் கட்டையும் மறவாமல் அவிழ்த்துவிடுங்கள்.

எந்த மரத்தை நடுவது? நம் மண்ணுக்குப் பழகிய வேம்பு, புங்கம், நாவல், இலுப்பை, மகிழம் எல்லாம் இருக்கின்றன. கடலோரத்திற்குப் புன்னையும் பூவரசும் இருக்கின்றன. நம் மாவட்டத்து ஊர்ப்பெயர்களே மரங்களைச் சொல்கின்றன. ஆலங்காடு என்றும், வேற்காடு என்றும், பழவேற்காடு என்றும் பெயரிட்டவர்கள், கண்முன் நின்ற மரத்தைக் கண்டே பெயரிட்டார்கள். அந்தக் காடுகள் பெயரளவில் நிற்கின்றன. கும்மிடிப்பூண்டியில் புகைபோக்கிகள் நிற்கின்றன. தொழிலும் வேண்டும், அத்தொழிலில் உழைப்போர் மூச்சுவிட நல்ல காற்றும் வேண்டும். நண்பகலில் ஆலைக்கு வெளியே வரும் தொழிலாளி உட்கார ஒரு மர நிழல் இல்லாவிட்டால், பசுமை வளையம் என்பது ஏட்டில் எழுதிய சொல்லாகவே இருக்கும்.

நிறைவாக, பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் தொழிற்சாலை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். மரம் நட்ட நாளில் பெயர்ப்பலகை வைக்கிறீர்கள், வையுங்கள். அதோடு ஒரு பதிவேடும் வையுங்கள். எந்த மரம், எந்த நாள், கட்டை அவிழ்த்தவர் யார், தண்ணீர் ஊற்றும் பொறுப்பு யாருடையது என்பவற்றை அதில் எழுதுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் சென்று, உயிரோடு இருப்பவற்றை எண்ணுங்கள். பள்ளியில் ஒரு வகுப்புக்கு ஒரு மரம் என்று ஒப்படைத்துவிட்டால், பிள்ளைகள் அந்தக் கணக்கைப் பெரியவர்களைவிட நேர்மையாக எழுதுவார்கள். மூன்றாண்டுக்குப் பின் அந்த ஏட்டில் எத்தனை மரம் நிற்கிறதோ அதுவே நாம் நட்ட மரங்களின் எண்ணிக்கை.

நெடுந்தொலைவிலிருந்து தன் மண்ணையும் சுமந்துகொண்டு வருகிறது ஒரு மரம். அதன் கட்டை அவிழ்த்து, அது நின்ற மட்டத்திலேயே நிற்கவிட்டு, இரண்டு கோடைக்குத் தண்ணீர் தருவது நம் கடமை. அவ்வளவு செய்தால், அது நம் ஊர் மரமாகிவிடும்.